ஓடினவளுக்கு பாயிண்ட் கிடையாது

அன்புள்ள அக்கா,
எங்கம்மா 1980ல ஸ்கூல் கோ-கோ டீம்ல ஆடினவங்க. கூட ஆடின தோழி போன வாரம் தவறிட்டாங்க. ஸ்கூல் வாட்ஸ்அப் குரூப்ல போட ஒரு நினைவஞ்சலி எழுதணும். ‘பெண்களுக்கு விளையாட்டில் ஆர்வமே இல்லாத காலத்தில்’னு ஆரம்பிக்கலாமா? ஒரு கப்கூட ஜெயிக்கல, அதை விட்டுடலாமா? எவ்வளவு நீளம் இருக்கலாம்?

தம்பி,
கொஞ்ச நாளாவே மனசுல ஓடிட்டிருந்ததை நீ வந்து கிளறிட்டே. அம்மாகிட்ட ஆறுதல்லாம் சொல்லாதே, பக்கத்துல உக்காந்துக்கோ, போதும். நீளமெல்லாம் உன் இஷ்டம்.

ஆனா அந்த ‘ஆர்வமே இல்லாத காலம்’, அதை மொதல்ல அழி. யார் சொன்னா உனக்கு? ஆர்வம் இல்லாமலா கட்டாந்தரைல வெறுங்கால்ல ஓடி டைவ் அடிச்சு முட்டியை உரிச்சுக்கிட்டோம்? டிவைடட் ஸ்கர்ட் போட்டா கால் தெரியும்னு வீட்ல விடமாட்டாங்க, ஜோனல் மேட்ச் வெளியூர்னா திரும்பி வர இருட்டிடும்னு விடமாட்டாங்க, பெரியவளாயிட்டா கேக்கவே வேணாம், இவ்ளோத்தையும் பண்ணிட்டு கடைசில ஆர்வம் இல்லைன்னு எழுதுவீங்க, நல்லா இருக்குடா! 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்ஸ்ல பொண்ணுங்க 800 மீட்டர் ஓடிட்டு மூச்சுவாங்கி சாஞ்சாங்கன்னு அந்த ரேஸையே தூக்கிட்டாங்க, திரும்ப வெச்சது 1960ல ரோம்ல. அதே ஆம்பள ஓடிட்டு விழுந்தா வீரம். 1984 ஒலிம்பிக்ஸ்ல பி.டி. உஷா நூத்துல ஒரு பங்கு செகண்ட்ல வெண்கலத்தை விட்டப்ப ஊரே உச்சு கொட்டுச்சு, ஆனா எங்க செட்டு அதுக்குள்ள கல்யாணமாகி அடுப்படிக்குப் போயாச்சு.

கப்பா? கோ-கோல ஓடறவங்க மூணு மூணு பேரா, பேட்ச் பேட்ச்சா இறங்குவாங்க. எங்க டீம்ல ஒருத்தி இருந்தா, எப்பவும் முதல் பேட்ச்ல இறங்குவா. தொரத்தற சேஸர் ஒரு பக்கம் தோளைத் திருப்பிட்டா அந்தப் பக்கம்தான் போகணும், நடுக்கோட்டையும் தாண்டக்கூடாது, ஓடற ரன்னர் மட்டும் வரிசையா உக்காந்திருக்கற சேஸர் டீம் ஆளுங்களுக்கு நடுவுல பூந்து வரலாம். இவ முகத்தையே பார்க்கமாட்டா, தோளை மட்டும்தான் பார்ப்பா, அது லேசா சாயும்போதே இவ அந்தாண்ட போயிருப்பா. கூட இறங்கின நாங்க ரெண்டு பேரும் அவுட்டாகி வெளிய நின்னு கத்திட்டிருப்போம், உள்ள அவ மட்டும். ஆனா ஸ்கோர் ஷீட்ல ஒண்ணும் ஏறாது. தொட்டவளுக்குத்தான் பாயிண்ட், தப்பிச்சவளுக்குக் கிடையாது. பிரேயர்ல கூப்பிட்டு கைதட்டினதும் சேஸருக்குத்தான். இப்ப பெரிய போட்டிகள்ல ‘ட்ரீம் ரன்’னு வெச்சு, பேட்ச் ரொம்ப நேரம் தாக்குப்பிடிச்சா அதுக்கும் பாயிண்ட் தர்றான். 2025 ஜனவரில டெல்லில நடந்த உலகக் கோப்பைல நம்ம பொண்ணுங்க நேபாளத்தை 78-40ன்னு அடிச்சாங்களே, அதைப் பார்த்து எனக்கு சந்தோஷத்தைவிட ஆத்திரம்தான் ஜாஸ்தி வந்துது, இந்த ரூல் அப்பவே இருந்திருந்தா அவ பேர்ல எவ்வளவு ஏறியிருக்கும்!

அதனால கப் ஜெயிக்கலைன்னே எழுது, மறைக்காதே. அம்மாகிட்ட கேளு: அந்தத் தோழி சேஸிங்ல கெட்டியா, ரன்னிங்ல கெட்டியா, எந்த பேட்ச், எப்படி ஏமாத்துவாங்க. அம்மா சொல்றதை அப்படியே போடு. ‘மகளிர் விளையாட்டின் விடிவெள்ளி’ன்னு எதையாவது எழுதி எனக்கு அனுப்பினே, திட்டுவேன். மெழுகுவர்த்தி படமும் வேணாம்.