வாசகர் கேள்வி: சவாரி ஓய்ந்த மட்டக் குதிரையை யாரிடம் கொடுப்பது?

கேள்வி: கொடைக்கானல் ஏரியைச் சுற்றிச் சவாரிக்கு விட்ட இரண்டு பெட்டைக் குதிரைகள் எங்கள் வீட்டில் நிற்கின்றன. இரண்டும் உயரம் குறைந்த மட்டக் குதிரைகள்தான். ஒன்றுக்குப் பதினாறு வயது, இன்னொன்றுக்கு ஒன்பது. மாமனாருக்கு முழங்கால் போய்விட்டது, என் கணவர் டாக்ஸி ஓட்டுகிறார், பிள்ளைகளுக்கும் இதில் நாட்டமில்லை. அவிழ்த்துவிட்டால் தானே மேய்ந்து பிழைத்துக்கொள்ளும் என்கிறார்கள் அக்கம்பக்கத்தில். வத்தலக்குண்டுப் பக்கமிருந்து ஒருவர் இரண்டையும் விலைக்குக் கேட்கிறார். என்ன செய்யட்டும்?
- வாசகி, கொடைக்கானல்

பதில்: அவிழ்த்துவிடும் யோசனையை முதலில் விட்டுவிடுங்கள். இத்தனை வருடம் கையில் தீனி வாங்கித் தின்ற குதிரை காட்டுக்குள் போய்ப் புல் தேடாது, கடைத்தெருவுக்கும் குப்பைத் தொட்டிக்கும்தான் வரும். அங்கே சாப்பாட்டு வாசனையோடு கிடக்கும் பிளாஸ்டிக் பையைத் தின்றுவிடும். குதிரைக்கு வாந்தி எடுக்க வராது, உள்ளே போனது குடலில் அடைத்துக்கொண்டால் தரையில் புரண்டு, வயிற்றைக் காலால் உதைத்து, விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே செத்துப்போகும். ராத்திரியில் வளைவில் நின்று வண்டியில் அடிபடுவது, சிறுத்தைக்கு இரையாவது எல்லாம் தனிக் கதை. பட்டினி கிடக்கும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட. முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. ஆமாம், சரியாகத்தான் படித்தீர்கள், இந்தக் காலத்தில் அதற்கு ஒரு கட்டுப் புல் வருமா என்பதே சந்தேகம். சட்டத்துக்குப் பயந்து யாரும் குதிரையைக் கட்டிவைக்கப் போவதில்லை, அதனால்தான் உங்களிடம் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

அடுத்து, விலைக்குக் கேட்கிறவர். விலை எவ்வளவு என்று பேசுவதற்கு முன் என்ன வேலைக்கு என்று கேளுங்கள். கல்யாண ஊர்வலமா, வண்டிப் பந்தயமா, செங்கல் சூளையில் பாரம் இழுக்கவா, இல்லை வாங்கி வேறு யாருக்கோ கைமாற்றிவிடவா? ஒன்பது வயதுக் குதிரைக்கு இன்னும் பத்து வருட உழைப்பு இருக்கிறது. மூட்டும் குளம்பும் நன்றாக இருந்தால் நிதானமான சவாரிப் பள்ளிக்கோ பண்ணைக்கோ போகலாம், அதில் தப்பே இல்லை. பதினாறு வயதுக் குதிரையை மட்டும் வேலைக்கென்று யாருக்கும் கொடுக்காதீர்கள். வயதைக் குறைத்துச் சொல்லலாம் என்று யாராவது காதில் ஓதினால் கேட்காதீர்கள், வாங்குகிறவர் வாயைத் திறந்து பார்த்துவிடுவார். மேல்தாடையின் ஓர வெட்டுப்பல்லில் சுமார் பத்து வயதில் ஈறோரமாக ஒரு பழுப்புக் கோடு தலைகாட்டும், பதினைந்தில் பாதிப் பல்வரை இறங்கும், இருபதில் அடிவரை வந்துவிடும். துல்லியம் என்று சொல்ல முடியாது, ஆனாலும் பதினாறைப் பத்து என்று ஏமாற்ற முடியாது.

'சும்மா கொடுக்கிறேன், யாராவது எடுத்துக்கொள்ளுங்கள்' என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடாதீர்கள். சும்மா கிடைத்ததை அடுத்த வாரமே விற்கிற ஆள்தான் முதலில் போன் செய்வார். ஆடி மாதம் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் திருவிழாவில் கூடும் சந்தை குதிரைக்குப் பேர்போனது, இளங்குதிரைக்கு அங்கே நல்ல ஆள் கிடைக்கலாம். கிழடு தட்டியதை அங்கே ஓட்டிக்கொண்டு போனால் தரகர் கையில்தான் போய் முடியும்.

என்னைக் கேட்டால், இரண்டையும் பிரிக்காமல் ஒரே இடத்துக்கு அனுப்புவதுதான் நல்லது. குதிரை கூட்டமாக வாழும் பிராணி, வருடக்கணக்காகப் பக்கத்திலேயே நின்ற துணையைப் பிரித்தால் தீனியை விட்டுவிட்டுக் கனைத்துக்கொண்டே நிற்கும். இங்கிலாந்தில் 1927இல் தொடங்கிய வேர்ல்டு ஹார்ஸ் வெல்ஃபேர் என்ற அமைப்பு, மீட்ட குதிரைகளை வேறு வீட்டுக்கு அனுப்பும்போதும் உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. வளர்ப்பவர் விற்க முடியாது, முடியவில்லை என்றால் திருப்பிக் கொடுக்க வேண்டும். நீங்களும் ஒரு முத்திரைத்தாளில் இதையே எழுதி வாங்குங்கள். விற்கக்கூடாது, பாரம் இழுக்கவிடக்கூடாது, வேண்டாமென்றால் எனக்குத்தான் திரும்ப வரவேண்டும். கையெழுத்துப் போடத் தயங்குகிற ஆளுக்குக் கொடுக்காதீர்கள்.

அனுப்புவதற்கு முன் அரசு கால்நடை மருத்துவரிடம் காட்டி, பயணத்துக்குத் தகுதி என்று சான்று வாங்குங்கள். கிளாண்டர்ஸ் நோய்க்கான ரத்தப் பரிசோதனையையும் கேளுங்கள். அது மனிதருக்கும் தொற்றும், தடுப்பூசி கிடையாது. இந்த நோய்க்கு ஹரியானா மாநிலம் ஹிசாரில் உள்ள தேசிய குதிரைகள் ஆராய்ச்சி மையம்தான் நாட்டின் முக்கிய ஆய்வகம். அப்புறம், டெட்டனஸ் ஊசி போட்டிருக்கிறதா என்று பாருங்கள், குதிரைக்கு அந்த நோய் சட்டென்று பற்றும்.

கேள்வி: பொள்ளாச்சி பக்கம் தென்னந்தோப்பு இருக்கிறது. எட்டு வயது மகளுக்காக மலையிலிருந்து வேண்டாத குதிரை ஒன்றை எடுத்து வளர்க்கலாமா?
- வாசகர், கோவை

பதில்: ஒன்று என்றால் வேண்டாம், இரண்டாக எடுங்கள். 200 கிலோ எடையுள்ள மட்டக் குதிரைக்குத் தினமும் நாலு கிலோவாவது காய்ந்த புல் வேண்டும், ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பு சீவ வேண்டும். குளம்பு சீவத் தெரிந்த ஆள் பக்கத்தில் இருக்கிறாரா என்று விசாரித்துவிட்டு மற்றதை யோசியுங்கள், தோப்பு பெரிதாக இருப்பது அதற்கப்புறம்தான். குதிரை தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குமேல் சுமக்கக்கூடாது என்பார்கள், அதாவது நாற்பது கிலோ, அதிலும் சேணத்தின் எடை சேர்த்தி. உங்கள் மகள் சில வருடத்தில் அதைத் தாண்டிவிடுவாள், குதிரையோ முப்பது வயதுவரைகூட இருக்கும். சவாரி நின்றுபோன பிறகும் அதை வைத்துக்கொள்வீர்களா என்று வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்துப் பேசிவிடுங்கள்.

கேள்வி: இந்த மாதிரிக் குதிரைகளைக் காப்பகங்களே எடுத்துக்கொள்ளக் கூடாதா?
- வாசகர், குன்னூர்

பதில்: எடுக்கிறார்கள், இடமிருந்தால். உங்கள் நீலகிரியிலேயே மாவனல்லாவில் ஐபான் அமைப்பின் காப்பகம் கைவிடப்பட்ட குதிரைகளையும் கழுதைகளையும் பராமரித்திருக்கிறது. ஆனால் உள்ளே போகிற குதிரை சாகும்வரை அங்கேதான், அதனால் இடம் காலியாவது அபூர்வம். 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் நாடு முழுக்கக் குதிரையும் மட்டக் குதிரையும் சேர்த்து சுமார் 3.4 லட்சம்தான், 2012ஐவிட 45 சதவீதத்துக்குமேல் குறைவு. வண்டிக்கும் பாரத்துக்கும் அதைத் தேடுகிறவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள், அதனால் வயதானதை வாங்க ஆளில்லை. காப்பகத்துக்குப் போன் செய்யும்போது வெறும் கையோடு கேட்காமல், மாதத் தீனிக்கு இவ்வளவு தருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள், பேச்சு வேறு மாதிரி போகும்.

கேள்வி: தெரிந்தவரிடமிருந்து வந்த குதிரை கொள்ளுத் தீனியைத் தொடவே மாட்டேன் என்கிறது.
- வாசகி, தேனி

பதில்: கட்டாயப்படுத்தாதீர்கள். அங்கே என்ன தின்றதோ அதையே கேட்டு வாங்கிப் போட்டு, ஏழிலிருந்து பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக உங்கள் தீனிக்கு மாற்றுங்கள். வேலையில்லாமல் நிற்கும் மட்டக் குதிரைக்குக் கொள்ளு அவ்வளவு தேவையும் இல்லை, புல்லும் தண்ணீரும் உப்புக்கட்டியும் போதும். தானியம் அதிகமானால் குளம்புக்குள் வீக்கம் கண்டு நடக்க முடியாமல் போய்விடும். புல்லும் தின்னவில்லை, சாணியும் போடவில்லை என்றால் எனக்கு எழுதிக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.