தட்டணுப் பைக்கு ஏன் ஐஸ் கூடாது?

கேள்வி: நாங்கள் பாம்பன்காரர்கள். மச்சானுக்கு டெங்கு வந்து ராமநாதபுரத்தில் சேர்த்திருந்தோம். மதுரையில் தட்டணு (பிளேட்லெட்) இருக்கிறது, போய் வாங்கி வாருங்கள் என்றார்கள். மீன் ஏற்றும் பெட்டியில் ஐஸ் நிரப்பிக்கொண்டு போனேன். ஐஸ் பெட்டி என்றால் பையைத் தரமாட்டோம் என்று ரத்த வங்கியில் சொல்லிவிட்டார்கள். சிவப்பணுப் பையை மட்டும் அவர்களே ஐஸ் வைத்துத் தருகிறார்களே. இந்த வெயிலில் இது கெடாதா? தெரியாமல் ஐஸ் பட்டுவிட்டால் என்ன செய்வது?

பதில்: நியாயமான கேள்வி. எது கெடும் என்றாலும் ஐஸைத் தேடுவதுதான் நம் கரையின் வழக்கம். சிவப்பணுவுக்கு அது சரி, அதை 2 முதல் 6 டிகிரியில் வைக்க வேண்டும். தட்டணுவுக்கு 20 முதல் 24 டிகிரி. குளிர் பட்டால் தட்டணு விழித்துக்கொள்ளும், அதுதான் சிக்கல்.

தட்டணுவின் குறுக்களவு 2 முதல் 3 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்). உட்கரு கிடையாது. ஓய்வில் இருக்கும்போது தட்டையான வட்டமாக ரத்தத்தோடு ஓடும். காயம் பட்ட இடத்தைக் கண்டால்தான் முள்முள்ளாக நீட்டி ஒட்டும். அந்தத் தட்டை வடிவம் சும்மா நிற்பதில்லை, உள்ளேயிருந்து ஆக்டின் என்ற புரதத்தின் இழைகள் அதை இழுத்துப் பிடித்திருக்கின்றன. தட்டணுவுக்குள் மிக அதிகமாக இருக்கும் புரதமே இதுதான்.

சவ்வுக்கு அடியில் ஸ்பெக்ட்ரின் என்ற புரதம் வலையாக விரிந்திருக்கிறது. வலை பின்னுகிறவர்களுக்குத் தெரியும், கண்ணின் அளவு நிற்பது முடிச்சில்தான். இங்கே முடிச்சு விழும் இடம் ஆக்டின் இழைகளின் நுனி. ஃபிலமின் என்ற இன்னொரு புரதம், சவ்வுக்கு வெளியே நீட்டியிருக்கும் ஒட்டுப் புரதத்தை இந்த இழைகளோடு கட்டி, இடம் மாறாமல் வைத்திருக்கிறது. விளிம்பைச் சுற்றி டியூபுலின் வளையம் ஒன்றும் உண்டு.

ஓய்வில் இருக்கும் தட்டணுவில் ஆக்டினில் ஏறக்குறைய 40 சதவீதம்தான் இழையாக இருக்கும். மிச்சமெல்லாம் தனித்தனி மூலக்கூறுகளாகக் கையிருப்பில் கிடக்கும். தைமோசின் பீட்டா-4 போன்ற புரதங்கள் அவற்றை இழையில் சேரவிடாமல் பிடித்துவைக்கும். இழைகளின் வளரும் நுனிகளை வேறு புரதங்கள் மூடிவைக்கும். ஓய்வு என்று நாம் சொன்னாலும் தட்டணுவுக்கு அது ஓயாத வேலை. எனக்கு இதில் இன்றும் வியப்பு தீரவில்லை.

ஐஸ் பட்டால் தட்டணுவுக்குள் கால்சியம் ஏறுகிறது. ஜெல்சோலின் என்ற புரதம் இழைகளை வெட்டுகிறது. அப்புறம் வெட்டுப்பட்ட நுனிகளில் கையிருப்பு ஆக்டின் சேர்ந்து புது இழைகள் வளர்கின்றன. டியூபுலின் வளையமும் கலைந்துவிடும். தட்டை உருண்டையாகி, முள் முளைக்கிறது. வெளியே இருக்கும் ஒட்டுப் புரதங்கள் கொத்தாகக் கூடுகின்றன. அந்தத் தட்டணுவை உடம்பில் ஏற்றினால், கல்லீரலில் உள்ள விழுங்கணுக்கள் கொத்தை அடையாளம் கண்டு பிடித்துத் தின்றுவிடும். நாள்கணக்கில் ஓட வேண்டியது சீக்கிரமே காணாமல் போகும். அறை வெப்பத்தில் வைத்த தட்டணுதான் ரத்தத்தில் அதிக நாள் தங்குகிறது என்று மர்ஃபி, கார்ட்னர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1969-இல் காட்டினார்கள். அமெரிக்காவில் இப்போது குளிரில் வைத்த தட்டணுவையும் அனுமதிக்கிறார்கள், ஆனால் ரத்தம் ஒழுகிக்கொண்டிருக்கும் நோயாளிக்கு, வழக்கமான தட்டணு கிடைக்காதபோது மட்டும். உடனே ஒட்டி அடைத்தால் போதும், நாள்கணக்கில் ஓட வேண்டியதில்லை என்ற நிலைமை அது.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். வெளிர்மஞ்சள் பையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து மெல்லச் சாய்த்தால், உள்ளே பளபளவென்று சுழல் சுழலாக ஒன்று நகரும். தட்டைத் தட்டணுக்கள் ஓட்டத்தோடு ஒரே பக்கம் திரும்பி ஒளியைச் சிதறடிப்பதால் வருவது அது. உருண்டையாகிவிட்டால் சுழல் தெரியாது, வெறும் கலங்கல்தான். ரத்த வங்கிக்காரர்கள் பையைத் தூக்கிப் பார்ப்பது இதற்காகத்தான்.

வெயிலைப் பற்றிய உங்கள் கவலையும் சரியே. சூடு கூடினால் கிருமி வளரும், தட்டணுவும் நலியும். ஏசி போட்ட கார் உத்தமம். இல்லையென்றால் அதிகாலையிலோ இருட்டிய பிறகோ போய் வாருங்கள். ஐஸ் இல்லாத, புதிய தெர்மாகோல் பெட்டியில் பையை வையுங்கள். மீன் பெட்டி கழுவியதாக இருந்தாலும் வேண்டாம். டீ குடிக்க இறங்கினால் பையைப் பூட்டிய காருக்குள் விட்டுப் போகாதீர்கள். ரத்த வங்கியில் இதை ஆட்டிக்கொண்டே இருக்கும் கருவியில் வைத்திருப்பார்கள். ஆடாமல் கிடந்தால் பைக்குள் அமிலம் சேரும், ஆனால் மதுரையிலிருந்து வரும் சில மணி நேரத்தில் அதனால் பாதகமில்லை. வார்டுக்கு வந்ததும் யாராவது நல்லெண்ணத்தில் ஃபிரிட்ஜில் வைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

டெங்கு என்றாலே தட்டணு ஏற்ற வேண்டும் என்பதுமில்லை. ரத்தக்கசிவு இல்லாதவருக்குப் பொதுவாக எண்ணிக்கை 10,000-க்குக் கீழே போனால்தான் யோசிப்பார்கள். அலைவதற்கு முன்னால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம்.

தெரியாமல் ஐஸ் பட்டுவிட்டால் வெயிலில் காட்டிச் சூடேற்றிச் சமாளிக்க நினைக்க வேண்டாம், முழுசாகப் பழைய நிலைக்குத் திரும்பாது. திட்டுவார்களோ என்று மறைக்கவும் வேண்டாம். பையைக் கொடுக்கும்போதே எவ்வளவு நேரம் ஐஸில் இருந்தது என்று நர்ஸிடம் சொல்லிவிடுங்கள். ஏற்றுவதா, வேறு பை கேட்பதா என்பதை டாக்டரும் ரத்த வங்கியும் பேசி முடிவு செய்வார்கள்.