மணி ஏன் ராத்திரி முழுக்கக் காலை நக்குகிறான்?

கேள்வி: எங்கள் லாப்ரடார் மணிக்கு நாலு வயது. ராத்திரியானால் முன்னங்கால் இரண்டையும் விடாமல் நக்குகிறான். வெளுப்பாக இருந்த முடி செம்பழுப்பாகிவிட்டது. ரத்தமோ என்று பயமாக இருக்கிறது. அதட்டினால் சோபாவுக்குப் பின்னால் போய் நக்குகிறான். மஞ்சளைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துத் தடவியும் நிற்கவில்லை. - ஒரு வாசகி, திருச்சி

பதில்: ரத்தம் இல்லை அம்மா, எச்சில். நாயின் எச்சிலில் போர்ஃபிரின் என்கிற நிறமி இருக்கிறது. வெளிர் முடியில் தொடர்ந்து பட்டால் துருவேறின மாதிரி ஆகிவிடும். ஆனால் ஒரு நாள், இரண்டு நாளில் ஏறுகிற நிறம் இல்லை அது. மணிக்கு வாரக்கணக்கில் அரிக்கிறது. அரிக்கிறவனை அதட்டி என்ன பயன்?

ஒற்றைக் காலை மட்டும் நக்கினால் நெருஞ்சி முள், உடைந்த நகம், விரல் இடுக்கில் உண்ணி என்று தேடச் சொல்வேன். இரண்டு கால் என்றால் என் சந்தேகம் முதலில் அலர்ஜி மேல்தான் போகும். வீட்டுத் தூசியில் இருக்கும் நுண்பூச்சி, மகரந்தம், சில சமயம் சாப்பாடு. லாப்ரடார்களுக்கு இது சகஜம். காதையும் சொறிகிறானா? வயிற்றடி சிவந்திருக்கிறதா? போன வருஷமும் இதே மாதத்தில் நக்கினானா?

இன்று ராத்திரி டார்ச் அடித்து விரல்களை விரித்துப் பாருங்கள். அப்படியே மோந்தும் பாருங்கள், கூச்சப்படாதீர்கள். புளித்த வாடை வந்தால் ஈஸ்ட் என்கிற பூஞ்சை பெருகியிருக்கலாம். ஈரம் தங்கினால் அது வளரும், வளர்ந்தால் அரிக்கும், அரித்தால் இன்னும் நக்குவான். அதனால் வாக்கிங் போய் வந்ததும் காலைக் கழுவி, விரல் இடுக்கு வரை துண்டால் ஒற்றி எடுங்கள். கழுவுவதைவிடத் துவட்டுவதுதான் முக்கியம். ஃபினாயில் போட்டுத் தரை துடைக்கிற வீடென்றால், அதுவும் காலை உறுத்தலாம்; இரண்டு வாரம் வெறும் தண்ணீரில் துடைத்துப் பாருங்கள்.

தேங்காய் எண்ணெயை மணி மருந்தாக நினைக்கவில்லை, தின்பண்டமாக நினைக்கிறான். மஞ்சளோ தோலின் உண்மையான நிறத்தை டாக்டரிடமிருந்து மறைத்துவிடும். நமக்கு எழுதித் தந்த ஆயின்ட்மென்ட்டும் டீ ட்ரீ ஆயிலும் வேண்டவே வேண்டாம். தடவியது எல்லாம் வயிற்றுக்குத்தான் போகும்.

கால்நடை மருத்துவர் விரல் இடுக்கிலிருந்து கொஞ்சம் ஒற்றி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார். குளோர்ஹெக்சிடின் என்கிற கிருமிநாசினி கலந்த ஷாம்பு தந்தால் பத்து நிமிஷம் ஊறவிட்டுக் கழுவுங்கள். உடனே அலசினால் காசு சாக்கடையில். சாப்பாட்டின் மேல் சந்தேகம் வந்தால், இதுவரை தின்னாத ஒரே வகை இறைச்சியை வைத்து எட்டு வாரமாவது சோதனை நடக்கும். நடுவில் யாராவது ஆசையாக ஒரு பிஸ்கட் போட்டால் சோதனை கெட்டது.

கால் வீங்கினாலோ, சீழ் வந்தாலோ, நொண்டினாலோ மறுநாளே போய்விடுங்கள். அப்புறம் இன்னொன்று. டாக்டரைப் பார்த்ததும் மணி நக்கவே மாட்டான், பரம சாதுவாக உட்கார்ந்திருப்பான். ராத்திரியே போனில் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.