உப்புத் தண்ணீர் பட்டால் குரோம் உரியுமா?

கேள்வி: எட்டு மாதத்துக்கு முன் குரோம் பூசிய பிளாஸ்டிக் ஹேண்ட் ஷவர் ஒன்று வாங்கினேன். அன்றைக்கே கைப்பிடியில் முடி போல ஒரு கோடு தெரிந்தது. கேட்டதற்கு, வெளிச்சம் விழுவதால் அப்படித் தெரிகிறது என்றார்கள். இப்போது தலைப்பகுதியின் ஓரத்தில் கொப்புளங்கள் எழும்பி, ஓரிடத்தில் பூச்சு உரிந்தேவிட்டது. இரண்டு வருட வாரன்டி இருந்தும், "உப்புத் தண்ணீரும் ஆசிட்டும் பட்டிருக்கும், மாற்றித் தர முடியாது" என்கிறார்கள். தப்பு என்னுடையதா?

பதில்: உப்புத் தண்ணீரை முதலில் விட்டுவிடலாம். அதன் கறை பூச்சின் மேல் வெள்ளையாகப் படியும், பெரும்பாலும் அவ்வளவுதான். கொப்புளம் அடியிலிருந்து கிளம்புவது.

இந்த வகைப் பொருள்கள் பெரும்பாலும் ஏபிஎஸ் பிளாஸ்டிக். அதில் கண்ணுக்குத் தெரியாத ரப்பர் துகள்கள் கலந்திருக்கும். முலாம் பூசுமுன் அமிலத்தில் முக்கினால் அந்தத் துகள்கள் கரைந்து நுண்ணிய குழிகள் விழும். உலோகம் பிடித்துக்கொள்வது அந்தக் குழிகளில்தான். அப்புறம் செம்பு, அதன் மேல் நிக்கல், கடைசியாகக் குரோம். குரோம் பெரும்பாலும் அரை மைக்ரான்கூட (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இருக்காது. நாம் குரோம் என்று ரசிக்கும் பளபளப்பில் பெரும்பங்கு நிக்கலுடையது!

அச்சில் பிளாஸ்டிக்கை அவசரமாகத் திணித்தால் ரப்பர் துகள்கள் நசுங்கி நீண்டுவிடும், குழி சரியாக விழாது. உலோகம் பிடிப்பில்லாமல் சும்மா உட்கார்ந்திருக்கும். கடையில் பார்க்க அழகாகத்தான் இருக்கும். வெந்நீர் படும்போது பிளாஸ்டிக் உலோகத்தைவிடப் பல மடங்கு விரியும். தினமும் இந்த இழுபறி நடந்தால் சில மாதங்களில் பூச்சு தூக்கிக்கொள்ளும்.

சரி, ஆசிட்? அதற்கு வாய்ப்பே இல்லை என்று சொல்ல மாட்டேன். உரிந்த இடத்தைப் பாருங்கள். சுற்றிலும் பளபளப்பு அப்படியே இருந்து, அடியில் பிளாஸ்டிக் மொழுமொழுவென்று தெரிந்தால் பூச்சு பிடிக்கவில்லை என்று அர்த்தம். அது தயாரிப்புக் குறை. மங்கி, மஞ்சள் பாரித்து, பச்சையாக ஏதாவது பூத்திருந்தால் கடைக்காரர் சொல்வதிலும் நியாயம் இருக்கலாம். நகத்தால் மட்டும் நெம்பாதீர்கள். உரிந்த ஓரம் பிளேடு மாதிரி; என் விரல் ஒருமுறை கிழிந்திருக்கிறது.

அந்தக் கோடு வேறு கதை. அச்சுக்குள் உருகிய பிளாஸ்டிக் இரண்டு பக்கமாகப் பிரிந்து ஓடி மறுபடி சேரும் இடத்தில் விழும் தையல் அது. சாதா பிளாஸ்டிக்கில் அவ்வளவாகக் கண்ணில் படாது; குரோம் கண்ணாடி போல அதைக் காட்டிக்கொடுத்துவிடும். பொருளைத் திருப்பிப் பாருங்கள்: வெளிச்சமென்றால் நகரும், கோடு நகராது. ஆனால் பார்த்துவிட்டுத்தான் வாங்கினீர்கள் என்பதால் அதை வைத்து வாதாடுவது கஷ்டம். கொப்புளத்தை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

நெருக்கத்தில் படம் எடுத்து, பில் நகலோடு எழுத்தில் புகார் கொடுங்கள். மறுத்தால் காரணத்தையும் எழுத்திலேயே கேளுங்கள். பசை வைத்து ஒட்ட வேண்டாம். உரிந்து விழுந்த துண்டு இருந்தால் ஒரு கவரில் போட்டு கடைக்கு எடுத்துப் போங்கள்.