மலைப்பூ கொழும்புக்கு வருமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கே: மே மாதம் ஹோர்ட்டன் சமவெளிக்குப் போனபோது புல்வெளியில் முறுக்கேறிய கிளைகளோடு ஒரு சிறு மரம், கொத்துக்கொத்தாக இரத்தச் சிவப்பில் பூத்து நின்றது. அது என்ன? (வெள்ளவத்தை)

ப: ரோடோடென்ட்ரன். சிங்களத்தில் மகரத்மல். நீலகிரிப் பக்கம் இதன் நெருங்கிய உறவைக் காட்டுப்பூவரசு என்பார்கள். எரிகேசியே குடும்பத்தைச் சேர்ந்தது. நேபாளத்தின் தேசியப் பூவும் இதே இனம்தான். நம் மலைகளில் நிற்பது இலங்கைக்கு மட்டுமே உரிய கிளையினம்.

அடுத்த முறை போனால் இலையைப் பறிக்காமல் திருப்பி மட்டும் பாருங்கள். மேற்புறம் சுருக்கம் விழுந்த கரும்பச்சை. அடிப்புறம் மண்ணிறத்தில் அடர்ந்த மென்மயிர். ஓரங்கள் கீழ்நோக்கிச் சுருண்டிருக்கும். குளிர்காற்றும் கடும் வெயிலும் மாறிமாறி அடிக்கும் இடத்தில் ஈரத்தைக் காக்க இது உதவுகிறது. பூவும் பார்க்க வேண்டியது. மகரந்தப்பையின் நுனியில் சிறு துளைகள் இருக்கும். மெல்லத் தொட்டால் மகரந்தம் தூளாகக் கொட்டாது, நூலாக இழுபட்டு வரும். தேன் குடிக்க வரும் குருவியிலும் வண்டிலும் அந்த நூல் ஒட்டிக்கொண்டு அடுத்த பூவுக்குப் போகிறது. புல்வெளியில் தீ பரவினாலும் தடித்த பட்டை மரத்தைக் காப்பாற்றிவிடும். நம் மலைநாட்டில் எனக்கு இதைவிட அழகான மரம் இல்லை.

கே: சின்னக் கன்று ஒன்றைக் கிண்டி எடுத்து வந்து தெஹிவளையில் நடலாமா?

ப: தயவுசெய்து வேண்டாம். ஹோர்ட்டன் சமவெளி 1988 முதல் தேசிய பூங்கா. அங்கிருந்து ஒரு செடியை எடுப்பதும் குற்றம். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தக் கன்று இங்கே பிழைக்காது. நுவரெலியாவின் சராசரி வெப்பம் 16 பாகை அளவு. கொழும்பில் 27க்கு மேல், இரவிலும் குளிர்வதில்லை. இதன் வேர்கள் மயிரிழை போல மெல்லியவை. புளிப்பு (அமில) மண்ணில் வாழும் ஒருவகைப் பூஞ்சையோடு சேர்ந்துதான் அவை உணவெடுக்கின்றன. கிண்டும்போதே அந்த வேர்கள் அறுந்துவிடும். முழங்கால் உயரக் கன்று என்றால் மலையில் அது பல வருடம் பாடுபட்டு வளர்ந்தது. அதை ஒரு மாதத்தில் சாகடிக்க வேண்டாம்.

கே: நுவரெலியாவில் வாங்கிய அசேலியா, பல்கனியில் இலை மஞ்சளாகி நிற்கிறது. நரம்பு மட்டும் பச்சை. (பம்பலப்பிட்டி)

ப: அசேலியாவும் ரோடோடென்ட்ரன் சாதிதான், அதற்கும் புளிப்பு மண் வேண்டும். நீங்கள் சொல்லும் அடையாளம் இரும்புச்சத்துக் குறைவு. மண்ணில் சுண்ணாம்பு ஏறினால், இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாது. சாடிக்குள் முட்டைக்கோது, அடுப்புச் சாம்பல் போடுகிறீர்களா? உடனே நிறுத்துங்கள். சீமெந்துத் தூள் படும் இடமென்றால் சாடியை நகர்த்துங்கள். நன்றாகக் கழுவிய தும்புத்தூளும் உக்கிய இலைக்குப்பையும் கலந்து, ஆழம் குறைந்த அகலச் சாடியில் மாற்றி நடுங்கள். காலை வெயில் போதும். மழைநீர் பிடித்து வைத்து ஊற்றினால் மிக நல்லது. தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். இவ்வளவு செய்தாலும் கொழும்புச் சூட்டில் மலையில் பூத்ததுபோலப் பூக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

கே: இந்தப் பூவின் தேன் நஞ்சு என்கிறார்களே?

ப: சில இனங்களின் தேன் நஞ்சுதான். கிரயனோடொக்சின் என்ற பொருள் நாடித்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் இறக்கிவிடும். துருக்கியின் கருங்கடல் கரையில் கி.மு. 401இல் கிரேக்கப் படைவீரர்கள் அத்தகைய தேனைத் தின்று மயங்கி விழுந்தார்கள். இலையும் நஞ்சு, ஆடு மாடு தின்றால் ஆபத்து. பிள்ளைகள் பூவையோ இலையையோ வாயில் வைக்க விடாதீர்கள்.

கே: லண்டனில் இருக்கும் மகன், அங்கே காட்டில் ரோடோடென்ட்ரனை வெட்டி அழிக்கிறார்கள் என்கிறான். இவ்வளவு அழகான செடியை ஏன்? (கொட்டாஞ்சேனை)

ப: அது வேறு இனம், ஊதாப் பூ. 1763இல் பிரித்தானியாவுக்குக் கொண்டுபோனார்கள். இப்போது காட்டுக்குள் அடர்ந்து பரவி, கீழே வேறெதையும் முளைக்க விடுவதில்லை. வெட்டத்தான் வேண்டும்.

கே: அதே சமவெளியில் ஒரு புதரின் இலையைக் கசக்கினேன், நோவுக்குப் பூசும் பாம் வாசம் அடித்தது!

ப: கோல்தீரியா. இதுவும் ரோடோடென்ட்ரனின் குடும்பம்தான். அந்த வாசம் மெதைல் சலிசிலேட். பாம்களில் சேர்ப்பதும் அதுதான். அது அஸ்பிரினுக்கு உறவான பொருள், அதனால் அஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவர்கள் கசக்கிய இலையை உடம்பில் தேய்க்காமல் இருப்பது நல்லது.