தாத்தாவின் பதக்கங்கள்: வாசகர் கேள்வி, எங்கள் பதில்

கேள்வி: மதராஸ் ரெஜிமெண்டில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்ற எங்கள் தாத்தா சென்ற ஆண்டு காலமானார். முதலாண்டு நினைவு நாளன்று உறவினர்களுக்குக் கொடுக்க ஒரு சிறு மலர் அச்சிடுகிறோம். போரைப் பற்றி அவர் வீட்டில் வாய் திறந்ததே இல்லை. ட்ரங்க் பெட்டியில் பதக்கங்களும் டிஸ்சார்ஜ் புத்தகமும் இருக்கின்றன. ‘1971இல் வங்கதேசத்தில் போரிட்டு வீரப் பதக்கம் பெற்றார்’ என்று எழுதச் சொல்கிறார் சித்தப்பா. எழுதலாமா?

– வாசகி, பெரம்பூர், சென்னை

பதில்: பதக்கங்களைப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். 1971 போரில் கிழக்கு முனையில் பணியாற்றியவர்களுக்குப் ‘பூர்வி ஸ்டார்’, மேற்கு முனையில் பணியாற்றியவர்களுக்குப் ‘பஸ்சிமி ஸ்டார்’ என இரு தனித்தனிப் பதக்கங்கள் உண்டு. உங்கள் பெட்டியில் இருப்பது இரண்டாவது என்றால், சித்தப்பா சொல்லும் வங்கதேசக் கதை நிற்காது. எதுவாக இருந்தாலும் இவை போர்க்களப் பணிக்காக வழங்கப்பட்டவையே தவிர, வீர் சக்ரா, சேனா பதக்கம் போன்ற வீர விருதுகள் அல்ல. 1965 போருக்கான ‘சமர் சேவா ஸ்டார்’ இருந்தால் அதையும் அப்படியே கொள்ளவேண்டும். ஒன்பது ஆண்டு, இருபது ஆண்டு நீண்ட சேவைப் பதக்கங்களும், 1972இல் சுதந்திர வெள்ளி விழாவை ஒட்டி வழங்கப்பட்ட பதக்கமும்கூட அந்த வரிசையில் தொங்கலாம். பெரும்பாலும் பதக்கத்தின் விளிம்பில் படை எண்ணும் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கும். பூதக்கண்ணாடி வைத்துப் படியுங்கள், ஆனால் பளபளக்கவேண்டும் என்று புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள்.

சேர்ந்த நாள், பதவி உயர்வுகள், ஓய்வு பெற்ற நாள் ஆகியவற்றை டிஸ்சார்ஜ் புத்தகத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம். அதில் விளங்காதவற்றுக்கு, நீலகிரி மாவட்டம் வெலிங்டனில் உள்ள ரெஜிமெண்டின் ஆவண அலுவலகத்துக்குப் படை எண்ணைக் குறிப்பிட்டு, பாட்டியின் பெயரில் கடிதம் எழுதிக் கேளுங்கள். 1758இல் தொடங்கிய படைப்பிரிவு அது. ‘வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு’ என்ற அதன் போர் முழக்கத்தை மலரின் முதல் பக்கத்தில் போடுவதற்கு யாருடைய சாட்சியும் தேவையில்லை.

அவர் சொல்லாமல் விட்டதைக் கற்பனையால் நிரப்பவேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. பேசாமலிருப்பதை அவர்தான் தேர்ந்தெடுத்தார். மேலும், எல்லையில் இருந்த காலத்தை மட்டும் எழுதினால், ஆண்டு விடுமுறைக்கு மட்டும் வந்துபோன கணவருக்காகக் காத்திருந்து, மணியார்டரில் குடும்பம் நடத்தி, பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கை, காய்ச்சல், கல்யாணப் பேச்சு அத்தனைக்கும் தனியாகவே நின்ற பாட்டி மலரிலிருந்து காணாமல் போய்விடுவார். ஓய்வுக்குப் பின் தாத்தா என்ன வேலை பார்த்தார், யாரைப் படிக்கவைத்தார், குடும்பச் சண்டைகளை எப்படித் தீர்த்தார், எதற்குக் கோபப்பட்டார் என்பதை அத்தைகளிடமும் தெருக்காரர்களிடமும் கேட்டு, சொன்னவர் பெயரோடு எழுதுங்கள். மிலிட்டரி கண்டிப்பால் மனம் புண்பட்டவர் யாராவது இருந்தால், அவர் சொல்வதையும் ஒரு பத்தியாகச் சேருங்கள். சித்தப்பாவுக்கு அது பிடிக்காமல் போகலாம்.

மலரை அச்சுக்குக் கொடுக்குமுன் பாட்டியிடம் முழுவதும் வாசித்துக் காட்டுங்கள். எந்த ஆண்டு எந்த ஊரில் குவார்ட்டர்ஸ் கிடைத்தது என்பதை அவர்தான் சரியாகச் சொல்வார்.