ஆற்றில் துணி போடக் கூடாது என்பவர்களே போடுவது ஏன்?

கேள்வி இதுதான்: தாமிரபரணியில் துணியை விடுவது தப்பு என்று கேட்டால் எல்லோரும் சொல்கிறார்கள், அப்புறம் பாபநாசத்தில் விடுவது யார்?

நானும்தான். பரிகாரம் முடிந்ததும் பின்னால் நின்றவர் “விட்ருங்க அண்ணாச்சி” என்றார், கட்டியிருந்த வேட்டியை ஆற்றில் விட்டுவிட்டேன்.

சொல்வது ஒன்று, செய்வது ஒன்று: இது பழைய புதிர். 1930களில் லபியேர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் ஒரு சீனத் தம்பதியோடு ஊர் ஊராகப் போனார். 251 விடுதி, உணவகங்களில் ஒன்றுதான் மறுத்தது. பிறகு கடிதம் போட்டுக் கேட்டால், பதில் எழுதியவர்களில் 90 சதவீதத்துக்கு மேல் ‘சீனர்களைச் சேர்க்க மாட்டோம்’ என்றார்கள். (பதில் எழுதியவரும் வாசலில் வரவேற்றவரும் ஒரே ஆளா என்று தெரியாது, ஆய்வின் பெரிய ஓட்டை அது.)

அதற்காகக் கருத்தே வெத்து என்று சொல்ல முடியாது. 2006இல் கிளாஸ்மன், அல்பராசின் என்ற உளவியலாளர்கள் இருவரும் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். சட்டென்று நினைவுக்கு வருகிற, நாள்பட மாறாத கருத்துகள்தான் செயலோடு நன்றாகப் பொருந்தின. கேட்ட நாளின் மனசே செய்யும் நாளிலும் இருந்தால்தானே பொருந்தும்! நேரடி அனுபவம் அப்படிப்பட்ட கருத்தைத் தரும்.

எங்கள் பெரியப்பா தினமும் குறுக்குத்துறையில் குளிப்பவர். ஒருநாள் முங்கும்போது யாரோ விட்ட சேலை காலைச் சுற்றிவிட்டது. அன்றிலிருந்து எப்போது கேட்டாலும் ஒரே பதில், ஒரே வசவு. பாபநாசத்திலும் ஈரவேட்டியைப் பிழிந்து பையில் போட்டுக்கொண்டு வந்தார். என் கருத்தோ பள்ளியில் எடுத்த உறுதிமொழியோடு சரி.

இன்னொன்று, ஒருவர் என்ன செய்வார் என்று தெரிய ‘ஆறு பிடிக்குமா?’ என்று கேட்டுப் பயனில்லை. ‘அந்த வேட்டியை என்ன செய்வீர்கள்?’ என்று கேளுங்கள்.